வீட்டுக் கணினியின் வரலாறு: பெரியது சிறியதான கதை மட்டும்தானா?

தக்கலை வாசகர் (கேள்வி)

கோடை விடுமுறையில் எங்கள் ஊர் நூலகத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு, வீடுகளுக்குள் கணினி வந்து சேர்ந்த வரலாற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றும், கிடைக்கிற பழைய கருவிகளை மேசையில் வைத்துக் காட்ட வேண்டும் என்றும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். கணினியைப் பயன்படுத்துவேன், அதன் வரலாற்றைப் படித்துத்தான் அறிந்திருக்கிறேன்.

படித்த இடங்களிலெல்லாம் ஒரே கதைதான் இருக்கிறது. ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற இயந்திரம் சுருங்கி மேசைக்கு வந்தது, பின்பு மடிக்கு வந்தது, கடைசியில் கைப்பேசியாகி உள்ளங்கைக்கு வந்தது என்கிறார்கள். மாணவர்களுக்குச் சொல்ல இது எளிதாக இருந்தாலும், ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்க்கும்போது கணக்கு இடிக்கிறது. 1975இல் ஆல்டேர் 8800 என்ற கருவி உதிரிப் பாகங்களாக அஞ்சல் வழியே விற்கப்பட்டது. அதில் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை, 256 பைட் நினைவகம்தான் இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1977இல், ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய மூன்றும் முழு உருவில் கடைக்கு வந்துவிட்டன. ஆனால் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் நான் பழகிய வீடுகளில் 1990களின் கடைசிவரை கணினி இருந்ததில்லை. இந்த இருபது ஆண்டு இடைவெளிக்கு விலை மட்டும்தான் காரணமா? அன்று அமெரிக்க வீட்டில் இருந்ததும் பிற்பாடு நம் வீட்டுக்கு வந்ததும் உண்மையிலேயே ஒரே வழியில் வளர்ந்த இயந்திரங்கள்தானா? கைப்பேசியை இந்த வரிசையின் கடைசியில் வைப்பது சரியா? துறையில் இருப்பவர்கள் விளக்கினால் மாணவர்களிடம் பிழையில்லாமல் பேச முடியும்.

வடசேரி சர்வீஸ் பெஞ்ச்

சார், உங்கள் ஐயம் நியாயமானது. நான் நாகர்கோவிலில் 1990களின் நடுவிலிருந்து கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். என் பெஞ்சுக்கு வந்த இயந்திரங்களை வைத்துச் சொல்வதானால், அந்த இரண்டும் ஒரே வழியில் வந்தவை அல்ல.

1977இலிருந்து ஏறத்தாழ பத்தாண்டுகள் மேலை நாட்டு வீடுகளில் இருந்தவை வீட்டுக்கென்றே செய்யப்பட்ட தனி வகை. 1982இல் வந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரமும் கமடோர் 64உம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விசைப்பலகையின் பெட்டிக்குள்ளேயே மொத்தக் கணினியும் அடங்கிவிடும். திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி, சேமித்து வைக்கப் பாட்டுக் கேட்கிற டேப் ரிக்கார்டர் என்று, வீட்டில் ஏற்கெனவே இருந்த பொருட்களைக் கொண்டே செலவைக் குறைத்தார்கள். அதனால்தான் 16 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தை 125 பவுண்டுக்கு விற்க முடிந்தது. சுவிட்சைப் போட்ட ஓரிரு நொடியில் பேசிக் என்ற எளிய நிரல் மொழி தயாராக நிற்கும். நாம் ஏதாவது எழுதினால்தான் அது ஏதாவது செய்யும்.

ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்ட் 12இல் அறிமுகமானது. இன்டெல் 8088 சில்லு (சிப்), 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகம், திரையும் வட்டு இயக்கியும் இல்லாத அடிப்படை வடிவத்துக்கே 1,565 டாலர். டேப் ரிக்கார்டர் இணைக்கும் துளை அதிலும் இருந்தது என்றாலும், அது நிலைபெற்றது அலுவலக மேசையில்தான். அது உலகை ஆண்டதற்கு வேகம் காரணமில்லை. ஐபிஎம் கடையில் கிடைக்கிற பாகங்களைக் கொண்டு அதைக் கட்டியது, இயக்க மென்பொருளை மைக்ரோசாஃப்டிடமிருந்து வாங்கியது, உள்ளமைப்பை விவரிக்கும் கையேட்டையும் வெளியிட்டது. ஐபிஎம்முக்கே சொந்தமாக எஞ்சியிருந்தது, கணினியைத் தொடக்கி வைக்கும் பயாஸ் என்கிற சிறு நிரல் ஒன்றுதான். அதே வேலையைச் செய்யும் பயாஸைக் காம்பேக் நிறுவனம் தானே புதிதாக எழுதி 1983இல் விற்பனைக்கு வந்தது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய பயாஸை யார் வேண்டுமானாலும் உரிமம் பெற்றுப் பயன்படுத்தலாம் என்று விற்கத் தொடங்கியது. அதன் பிறகு தைவானில் மதர்போர்டு செய்கிறவர் எவரும் பிசி செய்யலாம் என்ற நிலை வந்துவிட்டது.

நம் நாட்டில் வீட்டுக் கணினிக் கட்டம் பெரும்பாலும் நிகழவே இல்லை. இறக்குமதி வரியும் உரிமக் கட்டுப்பாடும் கடுமையாக இருந்தன. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணினிக் கொள்கைதான் கதவைக் கொஞ்சம் திறந்தது. எச்சிஎல், விப்ரோ, டிசிஎம் போன்ற நிறுவனங்கள் அப்போது விற்றவற்றை வங்கிகளும் அலுவலகங்களும்தான் வாங்கின. 1991க்குப் பிறகு வரி குறையக் குறைய, சென்னை ரிச்சி தெருவிலிருந்து பாகங்கள் வாங்கி இரவுப் பேருந்தில் கொண்டுவந்து, இங்கே 'அசெம்பிள்டு சிஸ்டம்' கட்டிக் கொடுக்கும் தொழில் உருவானது. ஆக, 1998இல் நீங்கள் வீடுகளில் கண்டது அலுவலகத்திலிருந்து வீட்டுக்குள் வந்த இயந்திரம். விலை ஒரு காரணம்தான். பாகம் பாகமாக மாற்றிப் பழுதுபார்க்க முடிந்ததும், ஊரிலேயே அதற்கு ஆள் இருந்ததும் அதே அளவுக்குப் பெரிய காரணங்கள் என்பது என் உறுதியான கருத்து.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணவாளக்குறிச்சி, முட்டம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் திருகுகளில் துருவும், ரேம் சொருகும் பள்ளத்தில் பச்சைப் படிவும் இருக்கும். திரையில் ஒன்றும் வராமல் பீப் ஒலி மட்டும் கேட்கிறது என்று கொண்டுவருவார்கள். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் பக்குவமாகத் தேய்த்து, பள்ளத்தைத் தூரிகையால் துடைத்து, மீண்டும் பொருத்தினால் பாதிக்கு மேல் உயிர் பெற்றுவிடும். இடி மின்னல் காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாக மின்னல் இறங்கி, மோடம் அட்டை கருகி, சில வேளைகளில் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

குளச்சல் கடலோரம்

அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் நிரப்புகிறேன். வீட்டுக் கணினி நம் மாவட்டத்துக்கு வரவே இல்லை என்று மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டாம். கடை வழியாக வரவில்லை; வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்களின் பெட்டிகளில் வந்தது.

என் தாய்மாமா குவைத்திலிருந்து விடுப்பில் வந்தபோது, டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரோடும் துணிமணிகளோடும் 'சக்ர்' என்ற பெயருடைய கணினி ஒன்றையும் கொண்டுவந்தார். குவைத்தின் அல் அலாமியா நிறுவனம் விற்ற கருவி அது. ஜப்பானிலிருந்து 1983இல் அறிவிக்கப்பட்ட எம்எஸ்எக்ஸ் என்ற பொதுத் தரத்தின்படி செய்யப்பட்டது. பல நிறுவனங்கள் செய்தாலும் ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றிலும் ஓட வேண்டும் என்பதே அந்தத் தரத்தின் நோக்கம். இசட்80 வகைச் சில்லு, விளையாட்டுக்கான கார்ட்ரிட்ஜ் சொருகும் வாய், தொலைக்காட்சிக்கு ஒரு கம்பி, டேப்புக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இருந்த கருப்பு வெள்ளைப் பெட்டியில் அதை இணைத்து, டேப்பிலிருந்து ஒரு விளையாட்டை ஏற்றுவதற்குள் பொறுமை போய்விடும். கீச்சென்ற நீண்ட ஒலி முதலில் வரும். பிறகு கரகரவென்று தரவு ஓடும். நடுவில் பிழைச் செய்தி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டேப் ரிக்கார்டரின் ஹெட் சற்றே சாய்ந்திருந்தாலும் கணினிக்கு ஒலி விளங்காது. அதன் பக்கத்திலிருக்கும் சிறு திருகைத் திருப்பி, ஒலி கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துவது அன்று ஒரு கைத்தேர்ச்சி.

என்னை இன்றுவரை யோசிக்க வைப்பது அதன் விசைகள். ஒவ்வொரு விசையிலும் ஆங்கில எழுத்தோடு அரபு எழுத்தும் அச்சிடப்பட்டிருந்தது. அரபியில் தட்டினால் வலமிருந்து இடமாக எழுத்துகள் சேர்ந்தே திரையில் ஓடும். 1980களிலேயே ஒரு வீட்டுக் கணினியைத் தங்கள் குழந்தைகளின் மொழியில் பேச வைக்க வேண்டும் என்று அந்த நாட்டு நிறுவனம் ஒன்று முனைந்து செய்திருக்கிறது. தமிழுக்கு அப்படி வீட்டுக்கென்று ஒரு பெட்டி வந்ததாக எனக்குத் தெரியவில்லை. உரையில் இதற்கு ஓர் இடம் கொடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். அந்தக் கருவி எங்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது, நூலகத்துக்குத் தருகிறேன்.

குழித்துறை தினசரிப் பயணி

நான் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலைக்குச் சென்று வருகிறவன். கைப்பேசியைப் பற்றிய உங்கள் மூன்றாவது கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். உங்கள் உரையின் மையமே அதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

பிசி சுருங்கித்தான் கைப்பேசி ஆனது என்பது தவறு. கைப்பேசியின் சில்லு வீட்டுக் கணினியின் வழி வந்தது. பிரிட்டனில் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற நிறுவனம் 1981இல் பிபிசி மைக்ரோ என்ற கணினியைச் செய்தது. பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் கணினியைக் கற்பிக்க பிபிசி நடத்திய ஒளிபரப்புத் திட்டத்துக்காக உருவானது அது. அடுத்த கணினிக்குத் தகுந்த சில்லு சந்தையில் கிடைக்கவில்லை என்று, அந்நிறுவனத்தின் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் தாங்களே ஒன்றை வடிவமைக்கத் துணிந்தார்கள். அவர்களிடம் பெரிய குழுவும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே கட்டளைகளைக் குறைத்து, அமைப்பை எளிமையாக்கினார்கள். வீட்டுக்கு விற்கும் பொருள் என்பதால் சில்லைப் பீங்கான் உறைக்குப் பதிலாக மலிவான பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டியிருந்தது; பிளாஸ்டிக் அதிக வெப்பத்தைத் தாங்காது என்பதால், ஒரு வாட்டுக்குள் மின்செலவு அடங்க வேண்டும் என்று வரம்பு வைத்துக்கொண்டார்கள். 1985 ஏப்ரல் 26இல் சில்லு முதன்முதலாக இயங்கியபோது, அந்த வரம்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே மின்சாரம் எடுத்தது.

அதுதான் ஆர்ம். 1990இல் ஏகார்னும் ஆப்பிளும் விஎல்எஸ்ஐ நிறுவனமும் சேர்ந்து அதற்கெனத் தனி நிறுவனம் தொடங்கின. மின்கலத்தில் இயங்கும் கருவிகள் பெருகியபோது, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் சில்லு அவர்கள் கையில் தயாராக இருந்தது. வீட்டு விலைக்காகச் செய்த சிக்கனம்தான் கால் நூற்றாண்டு கழித்துக் கைப்பேசியைச் சாத்தியமாக்கியது. இன்று உங்கள் மாணவர்களின் வீட்டில் இருக்கும் கைப்பேசி எதுவானாலும், பெரும்பாலும் அதற்குள் ஆர்ம் வழிச் சில்லுதான் இருக்கும். 2020இல் ஆப்பிள் தன் மடிக்கணினிகளிலும் இன்டெல் சில்லை விட்டு ஆர்ம் வழியிலான எம்1க்கு மாறியது. 1980களில் பிரிந்த இரு வழிகளில், தோற்றுவிட்டதாக எல்லோரும் நினைத்த வழி திரும்பி வந்து மேசையையும் எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது.

இந்தியாவுக்கும் இதில் தொடர்பு உண்டு. 1984இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் வழங்கப்பட்டவை பிபிசி மைக்ரோ கணினிகளே. கண்காட்சியில் வைக்க, ஒரே பலகையில் மொத்தக் கணினியும் அடங்கிய ராஸ்பெரி பை ஒன்றைத் தருகிறேன். 2012 பிப்ரவரி 29இல் 35 டாலருக்கு வந்த அந்தப் பலகைக்கு 'மாடல் பி' என்று பெயரிட்டதே பிபிசி மைக்ரோவின் நினைவாகத்தான். அதிலும் ஆர்ம்; அதையும் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைக்கலாம்.

மார்த்தாண்டம் டிடிபி

குளச்சல் நண்பர் எழுப்பிய மொழிப் பேச்சை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. திருமண அழைப்பிதழ், கோவில் கொடை நோட்டீஸ், ஆலயத் திருவிழா மலர் என்று இத்தனை ஆண்டுகளாகத் தமிழையே தட்டிப் பிழைக்கிறவன் நான்.

பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர் மென்பொருளைப் பயன்படுத்திய காலத்தில் தமிழ் என்பது எழுத்துருவாக மட்டும் இருந்தது. கணினி ஆங்கில எழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கும். எழுத்துரு அந்த இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து காட்டும். ஒவ்வொரு எழுத்துருவும் எந்த எழுத்தை எங்கே வைப்பது என்று தனக்கென ஒரு வரிசை வைத்திருந்ததால், பாமினி என்ற எழுத்துருவில் தட்டிய கட்டுரையை வேறு எழுத்துருவில் திறந்தால் ஒரு சொல்லும் தேறாது. வாடிக்கையாளர் ஃப்ளாப்பியில் கொண்டுவரும்போது எழுத்துருவையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்வோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது. ஆனாலும் எங்களைப் போலத் தட்டச்சுப் பொறியில் கை பழகியவர்கள் பழைய முறையிலேயே தொடர்ந்தோம்.

உண்மையான திருப்பம், ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லாக் கணினிகளிலும் ஒரே எண்ணைக் கொடுத்த யூனிகோடு என்ற பொதுத் தரம். விண்டோஸ் 2000இல் லதா என்ற யூனிகோடு தமிழ் எழுத்துரு கூடவே வந்தது. ஆனால் வீடுகளில் பரவிய விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் தானாகத் தெரியாது. கன்ட்ரோல் பேனலில் மொழிகளுக்கான பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான கட்டத்தில் டிக் போட்டு, கேட்கும்போது எக்ஸ்பி குறுந்தகட்டையும் போட வேண்டும். அதைச் செய்யாத கணினியில் 'கெ' என்று இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். வளைகுடாவில் இருக்கும் மகனிடமிருந்து தமிழில் மின்னஞ்சல் வந்திருக்கிறது, கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று கடைக்கு வந்த தாய்மார்களுக்காகவே, அந்தக் குறுந்தகட்டை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அடுத்த பதிப்பான விண்டோஸ் விஸ்டா வந்த பிறகே அந்த வேலை இல்லாமல் போனது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல்தான்.

என் கணக்கில், தமிழ் வீடுகளுக்குக் கணினி வந்த ஆண்டு என்று ஒன்றைக் குறிக்க வேண்டுமானால், பெட்டி வந்த ஆண்டைக் குறிக்கக் கூடாது. வீட்டிலிருக்கும் பெரியவர் ஒருவர் யார் துணையும் இல்லாமல் திரையில் தமிழைப் படிக்க முடிந்த ஆண்டைத்தான் குறிக்க வேண்டும்.

ஆரல்வாய்மொழி காற்று

மேலே உள்ள எவரும் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைச் சொல்லவில்லையே. 2011 செப்டம்பர் 15இல் ஜெயலலிதா அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை படித்த மாணவர்களுக்கு மடிக்கணினி கிடைத்தது. எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு முதல் கணினி அதுதான். மேசைக் கணினிக் கட்டமே அந்த வீடுகளில் இல்லை. என் அக்காவுக்குக் கிடைத்ததில்தான் நான் நிரல் எழுதப் பழகினேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்து, மின்கம்பங்கள் சாய்ந்து நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனபோது, மடிக்கணினியின் மின்கலத்திலிருந்து கைப்பேசிகளுக்கு மின்னேற்றி உறவினர்களோடு பேசினோம். வரலாற்றில் எங்கள் தலைமுறைக்கும் ஒரு மேசை ஒதுக்குங்கள், சார்.

தக்கலை வாசகர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே வரிசையாக எழுதி வைத்திருந்த குறிப்பைக் கிழித்துவிட்டு, அலுவலக வழி, வீட்டு வழி என்று இரண்டு கோடுகளாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். தமிழ் அந்த இரண்டிலும் எங்கே வந்து சேர்ந்தது என்பதை மூன்றாவது கோடாக வரைந்துகொள்கிறேன். ஆரல்வாய்மொழித் தம்பி கேட்ட மேசை கட்டாயம் உண்டு. உன் அக்காவின் மடிக்கணினியையே அதில் வைக்க முடியுமா என்று வீட்டில் கேட்டுச் சொல்.

குளச்சல் நண்பர் தரும் சக்ர் கணினியை மாணவர்கள் தொட்டு இயக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இத்தனை ஆண்டுகள் பரணில் கிடந்ததை நேராக மின்சாரத்தில் சொருகலாமா? டேப்பும் ஓட வேண்டுமா?

வடசேரி சர்வீஸ் பெஞ்ச்

நேராகச் சொருகவே வேண்டாம், சார். நீண்ட காலம் மின்சாரம் காணாத பெட்டியில், மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் உலர்ந்தோ கசிந்தோ இருக்கலாம். கடலோர வீடு என்றால் பலகையில் உப்பும் ஏறியிருக்கும். முதலில் மூடியைத் திறந்து தூசியை அகற்றி, கெபாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா, அடியில் கசிவுக் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மின்வழங்கியை மற்ற பகுதியிலிருந்து கழற்றி, சீரிஸ் பல்பு வழியாக, அதாவது மின்பாதையில் தொடராக ஒரு குண்டு பல்பை இணைத்து, மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து நம்மை எச்சரிக்கும். ஒரு கணம் மின்னி மங்கினால் பயமில்லை. மீட்டரில் 5 வோல்ட் சீராக வருகிறது என்று கண்ட பிறகே பலகையோடு இணைக்கலாம். ஆகவே கருவியைப் பரணிலிருந்து இறக்கியதும் நூலகத்துக்குக் கொண்டுபோகாமல் முதலில் என் கடைக்கு அனுப்பிவையுங்கள். கூலி எதுவும் வேண்டாம்.

திரைக்கு ஒரு பழைய குழாய்த் தொலைக்காட்சியே பொருத்தம். புதிய தட்டைத் திரைகள் சில இந்த அலைவரிசையைச் சரியாகப் பிடிப்பதில்லை. டேப் ஓட வேண்டிய கட்டாயமில்லை. டேப் ரிக்கார்டரின் ரப்பர் பெல்ட் இந்நேரம் பிசினாகியிருக்கும். அதைக் காட்சிக்கு மட்டும் வைத்துவிடுங்கள். பேசிக் மொழி கருவிக்குள் நிரந்தரமாகப் பதிந்த ரோம் சில்லிலேயே இருப்பதால், சுவிட்சைப் போட்டதும் மாணவர்கள் தட்டத் தொடங்கலாம். தங்கள் பெயரைத் திரை முழுக்க அச்சிடும் இரண்டு வரி நிரலை ஓர் அட்டையில் எழுதிக் கருவியின் பக்கத்தில் ஒட்டி வைத்தால் போதும்.